காய்கறிச் செடிகளுக்கு நடுவே பூச்செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டு வருடமாகத் தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை, இரண்டு மூன்று கொடி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே செண்டுமல்லி, காஸ்மாஸ், காசித்தும்பை. மாடிக்கு வருகிறவர்கள் முதலில் பூவைப் படம் எடுக்கிறார்கள், அப்புறம் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். முளைத்து, பூத்து, விதை விட்டு, ஒரே பருவத்தில் முடிந்துபோகும் சின்னப் பூச்செடிகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். செம்பருத்தியும் ரோஜாவும் இந்தக் கணக்கில் வராது.

இருக்கிற இடமே கொஞ்சம். அதில் பூச்செடி எதற்கு?

காய்க்காகத்தான். பூசணி, பாகல், சுரை, பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு யாராவது மகரந்தத்தைக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது மாடியில் நாலு பாகல் பூவுக்காகத் தேனீ மெனக்கெட்டு ஏறி வராது. பக்கத்தில் பத்துப் பதினைந்து காஸ்மாஸ் பூத்திருந்தால் வரும். வந்த இடத்தில் பாகலையும் பார்த்துவிட்டுப் போகும்.

இரண்டாவது விஷயம், அசுவினியை, அதாவது இளந்தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியைத் தின்னும் பூச்சிகளுக்கும் சாப்பாடு வேண்டும். சிர்பிட் ஈ என்று ஒன்று உண்டு. சின்னத் தேனீ மாதிரி மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, காற்றில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அதன் புழுதான் அசுவினியைத் தின்னும். வளர்ந்த ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் உணவு. அதன் வாய் மிகவும் குட்டையானது, ஆழமான பூவில் எட்டாது. கொத்தமல்லிப் பூ மாதிரி திறந்து கிடக்கும் பொடிப் பூ வேண்டும். அது இல்லாத மாடியில் அந்த ஈ முட்டையிடத் தங்காது.

மூன்றாவது, பூச்சியைக் காய்ச் செடியிலிருந்து திசை திருப்பும் பொறியாக. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

செண்டுமல்லி வைத்தால் பூச்சியே அண்டாது என்கிறார்களே?

நேர்மாறு. பூச்சி வரும், செண்டுமல்லிக்கே வரும். அதற்காகத்தான் வைக்கிறோம்.

தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு இருக்கிறதே, அதன் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியை விடச் செண்டுமல்லி மொட்டும் பூவும் பிடிக்கும். இதை வைத்துத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி விவசாயிகளுக்கு ஒரு முறை சொல்கிறது: 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. 25 நாள் தக்காளி நாற்றையும் 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் மொட்டு விட்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்த நாள் வித்தியாசத்தின் கணக்கு. அந்துப்பூச்சி மொட்டைத் தேடி வரும்போது மொட்டு இல்லையென்றால் அது தக்காளிக்குத்தான் போகும்.

இன்னொன்று, அங்கே சொல்லப்படுவது இடுப்பளவு வளரும் உயர ரகம். தொட்டி ஓரத்தில் அழகுக்கு வைக்கும் குட்டை ரகத்தை நட்டுவிட்டு, காய்ப்புழு குறையவில்லையே என்று கேட்டால் பதில் இல்லை.

பொறி வைத்தால் எலியை எடுத்துப் போட வேண்டாமா? அதே கதைதான். காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போகும்போது செண்டுமல்லி மொட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கசகசாவை விடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாக, ஒற்றை ஒற்றையாக ஒட்டியிருப்பது முட்டை. பூவுக்குள் கருமையாகப் பொடி உருண்டைகள் கிடந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த மொட்டை, அந்தப் பூவைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் செண்டுமல்லி பொறியாக இருக்காது, புழுப் பண்ணையாகிவிடும். வாரம் ஒருமுறை மாடி ஏறுகிறவர்கள் செண்டுமல்லியே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொத்தமல்லியும் காஸ்மாஸும் போதும்.

வேர்முடிச்சு நூற்புழுவுக்குச் செண்டுமல்லி நல்லதாமே?

நூற்புழு என்பது மண்ணில் இருந்து வேருக்குள் புகுந்து வேரை வீங்க வைக்கும், கண்ணுக்குத் தெரியாத புழு. அதற்குச் செண்டுமல்லி நல்லதுதான், ஆனால் எல்லோரும் செய்கிற மாதிரி செய்தால் அல்ல. தக்காளிப் பை ஒன்றின் ஓரத்தில் ஒரு செண்டுமல்லியை நட்டுவிட்டால் நூற்புழு செத்துவிடாது. செண்டுமல்லி வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள்தான் நூற்புழுவைத் தாக்குகிறது. வேர் போய்ப் பரவிய இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். அதனால் தக்காளிக்கு முன்பே, நூற்புழு உள்ள மண்ணில் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, வேரோடு மடக்கி மண்ணிலேயே கலந்துவிட வேண்டும். அதன் பிறகு காய்கறி. நிலத்தில் செய்ய இது அருமையான முறை. மாடியில் ஒரு பையை மூன்று மாதம் அதற்காக ஒதுக்க மனம் வர வேண்டும். எனக்கு வந்ததில்லை. சித்திரை வெயிலில் மண்ணை ஈரமாக்கி, கண்ணாடி மாதிரி தெரியும் பாலித்தீன் தாளால் மூடி, நாலைந்து வாரம் வேகவிடுகிறேன். அப்புறம் வேப்பம்புண்ணாக்கு கலந்துகொள்கிறேன்.

முதலில் அது நூற்புழுதானா என்று பார்த்துவிடுங்கள். காய்ந்த செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினால் வேரே முண்டுமுண்டாக வீங்கியிருக்கும், உருவினாலும் வராது. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் உருண்டைகள் விரலால் தள்ளினாலே உதிர்ந்துவிடும். அவை தழைச்சத்து சேர்க்கும் வேர்முண்டுகள். அதைப் பார்த்துப் பயந்து செடியைப் பிடுங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

எந்தெந்தப் பூ வைக்கலாம்?

மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும் காஸ்மாஸை முதலில் வையுங்கள். சமவெளி வெயிலுக்கு அசையாது, சத்துக் குறைந்த மண்ணே போதும். உரம் அதிகமானால் ஆளுயரத்துக்கு இலையாக வளர்ந்து பூவைக் குறைத்துவிடும். ஒருமுறை விதைத்தால் தானாக உதிர்ந்து அடுத்த வருடமும் முளைக்கும். வெள்ளை, ரோஸ் நிறத்தில் வரும் மெல்லிய இலைக் காஸ்மாஸ் வேறு. அதற்குக் குளிர் வேண்டும், மார்கழி தையில் மட்டும் முயலுங்கள்.

ஜினியா நேரடியாக விதைக்கலாம், பட்டாம்பூச்சிக்குப் பிடித்தது. ஆனால் பனிக்காலத்தில் இலையில் சாம்பல் நோய் வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு காசித்தும்பைதான் சரி. செண்டுமல்லிப் பூ நனைந்து அழுகும் நாளில்கூட அது சிரித்துக்கொண்டு நிற்கும். கோடைக்குப் பத்துமணிப்பூ, அதாவது டேபிள் ரோஸ். ஆழமில்லாத தட்டுத் தொட்டியே போதும், தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். வாடாமல்லியும் கோடை தாங்கும். சூரியகாந்திக்குத் தேனீ வரும், கூடவே கிளியும் அணிலும் வரும். அது உங்கள் பாடு.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு அலிசம், நாஸ்டர்டியம் இரண்டும் கொடுத்துவைத்தவை. மதுரையில் அலிசம் போட்டு இரண்டு வருடம் ஏமாந்தேன்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பந்து மாதிரி அடுக்கடுக்காக இதழ் உள்ள பூவில் பூச்சிக்குத் தேன் எட்டாது. தேனீக்காக வைப்பதென்றால் நடுவில் மஞ்சள் பொட்டு தெரியும் ஒற்றை அடுக்குப் பூதான் வேண்டும்.

விலையில்லாத பூக்களும் உண்டு. தொட்டியில் தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள். நாலு பூ வைத்த ஒரு தும்பைச் செடிக்கு வரும் கூட்டம், காசு கொடுத்து வாங்கிய எதற்கும் வந்ததில்லை.

கொத்தமல்லியைப் பூக்க விட்டால் இலை போய்விடுமே?

போகட்டும். கடையில் ஒரு கட்டு என்ன விலை? தனியாவை இரண்டாக உடைத்து, பத்து நாளைக்கு ஒரு தடவை கையளவு தொட்டியில் தூவிக்கொண்டே இருங்கள். முதல் தொட்டி பூக்கும்போது மூன்றாவது தொட்டியில் இலை கிள்ளலாம். கோடையில் கொத்தமல்லி நீங்கள் வேண்டாம் என்றாலும் சீக்கிரம் பூத்துவிடும், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கடுகு, முள்ளங்கி, சோம்பு எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு செடியைப் பூக்க விடலாம். முள்ளங்கியில் பிடுங்க மறந்து முற்றிப்போனதை அப்படியே விட்டாலே போதும்.

எப்போது விதைப்பது?

காய்ச் செடியின் முதல் பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆடிப்பட்டத்துக்கு எங்கள் வீட்டில் செண்டுமல்லி விதை ஆனிக் கடைசியிலேயே குழித்தட்டுக்குப் போய்விடும். நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டு மாதத்தை ஒட்டிப் பூக்கும். தக்காளியை அதற்கு 15 அல்லது 20 நாள் கழித்து விதைப்பேன். காஸ்மாஸும் அதே மாதிரி முந்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தக்காளி நட்டு, அது பூத்து, புழு வந்த பிறகு நர்சரிக்கு ஓடிப்போய்ச் செண்டுமல்லி வாங்குகிறார்கள். வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுகிற கதை. அவசரம் என்றால் மொட்டு விட்ட செடியாகவே பார்த்து வாங்குங்கள்.

காய்ச் செடி இருக்கும் பையிலேயே நடலாமா?

12 அங்குலப் பை என்றால் வேண்டாம். தண்ணீருக்கும் சத்துக்கும் சண்டை வரும், தோற்பது மிளகாய். 8 அங்குலத் தொட்டியில் தனியாக வைத்து, பைகளுக்கு இடையில் நகர்த்திக்கொள்ளுங்கள். தொட்டியில் இருப்பதால் நோய் வந்தால் தூக்கி அந்தப் பக்கம் வைக்கவும் வசதி. பத்துத் தக்காளிப் பைக்கு இரண்டு மூன்று செண்டுமல்லி போதும்.

குட்டை ரகம் என்று வாங்கிய செண்டுமல்லி நெடுநெடுவென வளர்கிறது. என்ன செய்ய?

எனக்கும் நடந்தது. பாக்கெட்டில் ‘குட்டை, பிரெஞ்சு’ என்று போட்டிருந்ததை நம்பி மிளகாய் வரிசைக்குத் தெற்கே நட்டேன். ஐப்பசியில் தோளுயரம் வந்து மிளகாய்க்கு வெயிலே படாமல் மறைத்துவிட்டது. அந்தப் பருவம் மிளகாய் விளைச்சல் ஒரு சாம்பாருக்குக்கூட ஆகவில்லை. அதன் பிறகு, தெரியாத விதை எதுவானாலும் முதல் பருவம் வடக்கு ஓரம்தான்.

உயரமாகிறது என்று தெரிந்ததும் நுனியைக் கிள்ளிவிடலாம். நட்டு ஒரு மாதத்துக்குள் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராகும், பூவும் அதிகம். மொட்டு வந்த பிறகு கிள்ளினால் பூ தள்ளிப்போகும்.

கத்திரிக்கும் தக்காளிக்கும் தேனீ தேவையா? ஒரே பூவில்தானே ஆண், பெண் இரண்டும் இருக்கிறது?

ஒரே பூவில் இருப்பது உண்மை. ஆனால் மகரந்தம் ஒரு மூடிய குழாய்க்குள் இருக்கிறது, நுனியில் ஒரு சின்ன ஓட்டை அல்லது கீறல் மட்டும்தான். உப்புக் குப்பியைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். காற்று கொஞ்சம் குலுக்கும். நன்றாகக் குலுக்குகிறவை கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், சாதாரணமாகப் பறக்கும் சத்தத்தை விடக் கூர்மையாக. காலை எட்டு மணிக்குக் கத்திரிப் பக்கம் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கேட்கலாம். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்திரிப் பூவில் தேனும் கிடையாது, வெறும் மகரந்தம்தான். தேனுக்குப் பக்கத்தில் வேறு பூ இருந்தால்தான் இவை உங்கள் மாடியைச் சுற்றும்.

எதுவும் வரவில்லையா? பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பூசணிக்கு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவில் காலையிலேயே தடவுங்கள். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்கிறவை. அவற்றுக்குப் பகல் தேனீயை நம்பிப் பயனில்லை, இருட்டும் நேரத்தில் நீங்களே தடவ வேண்டும்.

சித்திரை வைகாசியில் தக்காளிப் பூ உதிர்ந்தால் அதற்குத் தேனீ காரணமல்ல, வெயில். எத்தனை காஸ்மாஸ் வைத்தாலும் நிற்காது. நிழல்வலை போடுங்கள்.

செண்டுமல்லி இலை வெளிறி, பொடிப்பொடியாகப் புள்ளி விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் சிலந்திப் பேன். வெள்ளைத் தாள் ஒன்றை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் அதுதான். முற்றினால் நுனியில் நூலாம்படை கட்டும். மாசியிலிருந்து மழை வரும்வரை இதற்குக் கொண்டாட்டம், செண்டுமல்லி என்றால் உயிர். ஒரு பங்குனியில் நான் கவனிக்காமல் விட்டு, செண்டுமல்லியிலிருந்து கத்திரிக்கும் பீன்ஸுக்கும் ஏறி மூன்றும் போனது.

ஆரம்பத்திலேயே பார்த்தால் இலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவலாம். நூலாம்படை கட்டிய செடியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடி, அப்படியே பிடுங்கி, கட்டி வெளியே போடுங்கள். அதனால்தான் கோடையில் நான் செண்டுமல்லி வைப்பதே இல்லை.

அசுவினி வந்துவிட்டது. மருந்து அடிக்கலாமா?

இரண்டு நாள் பொறுத்து, இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக, ஆரஞ்சுப் பொட்டு வைத்து, குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. பார்க்கக் கெட்டது மாதிரி இருக்கும், நசுக்கிவிடாதீர்கள். கால் இல்லாமல் பச்சையாக, அட்டை மாதிரி அசுவினிக் கூட்டத்துக்குள் கிடப்பது சிர்பிட் ஈயின் புழு. இவை இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டைப்பயறை வரப்பில் போடுகிற பழக்கமும் இதற்குத்தான். அதில் அசுவினி ஏறும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும்.

இல்லையென்றால் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு, பூவின் மேல் படாமல். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேண்டவே வேண்டாம். அவை செடிக்குள் போய்த் தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைப்பது அது.

பூச்செடி வைத்தால் கொசு ஓடுமா? பாம்பு வருமா?

இரண்டும் இல்லை. செடி சும்மா நிற்பதால் கொசு ஓடாது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும், தட்டை எடுத்துவிடுங்கள்.

பட்டாம்பூச்சி வர ஆரம்பித்ததும் கறிவேப்பிலை மொட்டையாகிறது!

அழைத்தது நீங்கள்தானே! எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தேனுக்கு ஜினியாவிடம் வரும், முட்டையைக் கறிவேப்பிலையில் வைக்கும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருப்பதால் கண்ணில் படாது, பச்சையாகிப் பெரிதான பிறகுதான் தெரியும். அதற்குள் பாதிச் செடி காலி. எங்கள் தெருமுனையில் பெரிய கறிவேப்பிலை மரம் இருக்கிறது, எடுத்து அதில் விட்டுவிடுவேன். அது இல்லாதவர்கள் செடிக்குக் கொசுவலைத் துணி போர்த்தலாம்.

பூவை எல்லாம் வீட்டில் சாமிக்குப் பறித்துவிடுகிறார்கள். பரவாயில்லையா?

எங்கள் வீட்டில் இது பெரிய வழக்கு. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கூடையோடு வந்து நின்றால் நான் என்ன சொல்ல? கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். செண்டுமல்லி முழுக்க அம்மாவுக்கு. பறிக்கப் பறிக்க அது பூக்கும். பூவிலிருக்கும் முட்டையும் கூடவே போய்விடும், எனக்கு லாபம்தான். காஸ்மாஸ், ஜினியாவில் பாதி. கொத்தமல்லி, தும்பை என்னுடையது. ஆனால் சிவராத்திரிக்குத் தும்பை கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆயுதபூஜை மாலையில் இருந்த செண்டுமல்லியை உதிர்த்து விதைக்கலாமா?

விதைக்கலாம், முளைப்பது அதிர்ஷ்டம். மாலைக்குப் பறிக்கும் பூ முற்றாத பூ. வியாபாரத்துக்கு வளர்ப்பதில் கலப்பின ரகமும் அதிகம் என்பதால் தாய் மாதிரியே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் செடியிலேயே எடுப்பது நல்லது. இரண்டு மூன்று நல்ல பூவுக்கு நூல் கட்டி, பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். காம்பை ஒட்டிய பச்சைக் கிண்ணம் பழுப்பாகிக் காய்ந்ததும் பறித்து, இதழைப் பிடித்து இழுத்தால் விதை கொத்தாக வரும். ஊசி மாதிரி கறுப்பாக, வெளுத்த வாலோடு இருப்பது நல்ல விதை. முழுக்க வெளுத்து மெலிந்திருந்தால் சப்பை. நிழலில் உலர்த்தி, பேப்பர் கவரில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். எழுதாமல் வைத்துவிட்டு எது செண்டுமல்லி எது காஸ்மாஸ் என்று முழித்திருக்கிறேன்.

காசித்தும்பைக்கு மட்டும் வேறு முறை. முற்றிய காய் தொட்டாலே வெடித்து நாலு பக்கமும் தெறிக்கும். காய் உப்பி, பச்சை வெளிற ஆரம்பித்ததும் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு பறியுங்கள். கைக்குள்ளேயே வெடிக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலைக்கு நீங்கள் போக வேண்டியதே இருக்காது.